வயசுக்கு ஒன்று

வென்ஜுவின் சட்டையில் சிவப்புக் காகிதப் பூவைக் குத்தி, "இந்த வருஷத்து உத்தம மருமகள்" என்று ஊர்க் கமிட்டித் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, காலுக்குக் கீழே மண் பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. மேடையில் அவளோடு நின்ற மற்ற பெண்கள் படுக்கையில் கிடந்த மாமியாருக்குப் பணிவிடை செய்தவர்கள், வேலைக்குப் போய் நாத்தனாரைப் படிக்க வைத்தவர்கள். வென்ஜுவின் பெருமை வேறு. "இவ பெத்த பிள்ளையைச் சாவடிச்ச மாமனாருக்கு இத்தனை வருஷமா சோறு போடுறா. இந்த மனசு யாருக்கு வரும்?" என்று தலைவர் கேட்டார். அந்த மாமனாரை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டே கேட்டார். அந்த ஊர்க்காரர்களுக்குப் புகழத் தெரியும். ஒருவரைப் புகழும்போது பக்கத்தில் யார் மிதிபடுகிறார் என்று பார்க்க மட்டும் தெரியாது. எல்லோரும் கை தட்டினார்கள். மாமனார் லூ மன்சாங்கும் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வென்ஜு அந்தப் பூவை அடுப்பில் போட்டாள். மன்சாங் பார்த்துக்கொண்டு இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அடுப்பைப் பற்றி யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

யாங்சி ஆற்றுக்கு வடகரையில் இருக்கும் அந்த ஊரில் கிங்கோ மரம் இல்லாத வீடு கிடையாது. கோயிலை ஒட்டி நிற்கும் பெரிய மரத்துக்கு எத்தனை வயது என்று எவருக்கும் தெரியாது. பிள்ளை வேண்டுகிறவர்கள் அதில் சிவப்புத் துணி கட்டுவார்கள். வீடுகளில் நிற்பவை எல்லாம் ஒட்டு மரங்கள். காய்க்கிற மரத்துக் கிளையை வெட்டி இளங்கன்றில் ஒட்டுக் கட்டினால் சில வருஷத்திலேயே பலன் வந்துவிடும். விதை போட்டு வளர்த்தால் அப்படி இல்லை. தாத்தா நட்டால் பேரன் தின்பான். மரத்துக்கே 'தாத்தன் பேரன் மரம்' என்றுதான் பெயர். அதிலும் ஆண் மரம் பெண் மரம் உண்டு. வயது வரும்வரை எது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. ஆணாகப் போய்விட்டால் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தான்.

மன்சாங் விதைதான் போட்டார். மகன் கென்ஷெங் பிறந்த இலையுதிர் காலத்தில், கோயில் மரத்தடியில் பொறுக்கிய கொட்டையை முற்றத்தில் புதைத்தார். மகன் வளர்ந்தான், மரமும் வளர்ந்தது, ஒரு காயைக் காணோம். எதிர்வீட்டு நிங் அக்காளுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. போகும்போதும் வரும்போதும் கேட்பாள்.

"என்னண்ணே, உங்க மரம் வயசுக்கு வந்துடுச்சா?"

"வரும் வரும்."

"பொண்ணா பையனான்னாவது வாயத் தொறந்து சொல்லுச்சா?"

"உங்க வீட்டு மரமெல்லாம் வெட்டி ஒட்டுனது. இது பெத்து வளத்தது. பெத்த புள்ள மெதுவாத்தான் பேசும்."

"பேசட்டும் பேசட்டும். நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள பேசுனா சரி!"

வென்ஜு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மரம் கூரைக்கு மேலே போயிருந்தது. கென்ஷெங் ஆற்றில் மணல் படகு ஓட்டினான். வந்தால் சில நாள் இருப்பான், போனால் மாதக்கணக்கில் வர மாட்டான். மாவ்தோ பிறந்தான். பச்சை சோயா மொச்சைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். உருண்டையாய், பச்சை நரம்பு தெரிய இருந்தான் என்று மாமியார் வைத்த செல்லப் பெயர், அதுவே நிலைத்துவிட்டது. அவன் தொட்டிலில் இருக்கும்போதே மாமியார் போய்ச் சேர்ந்தாள். பிறகு அந்த வீட்டில் கிழவர், மருமகள், குழந்தை மூன்று பேர்தான். குழந்தை தாத்தாவின் தோளில் ஏறினால் இறங்க மாட்டான். கழனிக்கும் தோளில், கோயிலுக்கும் தோளில். "இவனுக்குக் காலே மொளைக்கல, எனக்குத்தான் நாலு கால்" என்பார் மன்சாங்.

மாவ்தோவுக்கு ஐந்து வயது நடந்த வருஷம் மரம் காய்த்தது. வசந்தத்தில் இலைகளுக்கு நடுவே பச்சைப் பிஞ்சுகளைப் பார்த்துவிட்டு மன்சாங் தெருவில் ஓடினார். "பொண்ணுதாண்டி! பொண்ணுதான்!" என்று அவர் போட்ட சத்தத்தில், யாருக்கோ பிரசவம் என்று நினைத்து நிங் அக்காள் வெந்நீர்ப் பானையோடு வந்து நின்றாள்.

விதை மரத்தின் முதல் காய்க்கு அங்கே ஒரு முறை உண்டு. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், பெரியவர்களுக்கான திருநாளில், நட்டவர் தன் கையால் உடைத்து, வறுத்து, பேரன் வாயில் போட வேண்டும். அதற்கு முன்னால் வேறு கை உடைத்தால் பேரன் ஆயுசில் கீறல் விழும் என்பார்கள். இன்னொரு முறை எல்லா வீட்டுக்கும் எல்லா நாளுக்கும் பொது. பச்சையாய்த் தின்றால் விஷம், வறுத்துத் தின்றால் மருந்து, மிஞ்சித் தின்றால் மறுபடியும் விஷம். இருமலுக்கும் இழுப்புக்கும் படுக்கையில் சிறுநீர் போகிற குழந்தைக்கும் அதுதான் கை மருந்து. கணக்கு, வயசுக்கு ஒன்று. நடுவில் இருக்கும் பச்சைக் குருத்தைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் ஆகாது. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் அந்த ஊரில் இந்தக் கணக்குத் தெரியும்.

திருநாளுக்கு முன்னால் மாவ்தோவுக்கு இருமல் வந்தது. முதலில் சளி இருமல், பிறகு நாய் குரைப்பது போல வறட்டு இருமல். முந்தின இரவு முழுக்க அவன் தூங்கவில்லை, வென்ஜுவும் தூங்கவில்லை. உதடு கறுக்க இருமிவிட்டு அவள் மடியில் துவண்டு துவண்டு விழுந்தான். போன வருஷத்துக் கொட்டை எந்த வீட்டிலும் இருக்காது, எல்லாம் வியாபாரியிடம் போயிருக்கும். புதுக் கொட்டை கேட்கலாம். ஆனால் முற்றத்தில் மரம் நிறையத் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த வீட்டில் போய்க் கையேந்தினால் நிங் அக்காள் அதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மாமனாரிடம் கேட்டால்? இத்தனை வருஷம் காத்திருந்த மனிதரிடம் ஒரு நாள் முன்கூட்டிக் கொடு என்று எப்படிக் கேட்பது?

திருநாள் விடியும் நேரத்தில் வென்ஜு முற்றத்துக்குப் போய், காற்றுக்கு விழுந்து கிடந்த பழங்களைப் பொறுக்கினாள். அந்தப் பழத்தின் சதை குமட்டும், கையில் பட்டால் அரித்துக் கொப்புளம் போடும். தண்ணீரில் ஊறவைத்துப் பக்குவமாய் உரிக்க நேரமில்லை. வெறும் விரலால் பிதுக்கி எடுத்தாள். ஐந்து கொட்டையை வாணலியில் வறுத்து, உடைத்து, குருத்தைக் கிள்ளிவிட்டு ஊட்டினாள். கணக்குத் தப்பவில்லை. ஓடுகளை அடுப்பில் வைக்கோலுக்கு அடியில் தள்ளினாள். குழந்தைக்கு இருமல் அடங்கியது. நெற்றி வேர்க்கத் தூங்கினான். அவள் அந்த நெற்றியைத் துடைத்துவிட்டு, தெய்வமே என்று பெருமூச்சு விட்டாள்.

பலகாரம் எல்லாம் ஆன பிறகு சாயங்காலம்தான் மாமனார் சடங்கு செய்வார், அதற்குள் பிள்ளைக்கு இன்றைக்கு வேண்டாம் என ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. துணி மூட்டையோடு ஆற்றுப் படித்துறைக்குப் போனாள். கிழவருக்குச் சாயங்காலம்வரை பொறுக்கவில்லை. கோயில் மரத்துக்கு ஊதுவத்தி கொளுத்திவிட்டு மத்தியானமே வந்து வாணலியை ஏற்றிவிட்டார். வென்ஜு ஈரத் துணியோடு முற்றத்துக்குள் நுழைந்தபோது மாவ்தோ தாத்தா மடியில் இருந்தான். வாய் கொள்ளாமல் மென்றுகொண்டு இருந்தான்.

"பாரும்மா, அஞ்சாவது!" என்றார் மன்சாங். கண்ணில் தண்ணீர். "எங்கப்பாவுக்குக் கெடைக்கல, எனக்கும் கெடைக்கல. எம் பேரனுக்குக் கெடைச்சிடுச்சு!"

"அம்மா, கசக்குது!" என்று சிரித்தான் மாவ்தோ.

அப்போது அவள் சொல்லியிருக்கலாம். 'காலையில நானும் குடுத்துட்டேன் மாமா' என்று ஒரே ஒரு வாக்கியம். விரலை வாய்க்குள் விட்டு வாந்தி எடுக்க வைத்திருக்கலாம், பால் கொடுத்திருக்கலாம், வண்டி கட்டியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து வாய் வரவில்லை. இன்னும் ஐந்துதானே, என்ன ஆகிவிடும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, சிவந்து அரித்த விரல்களைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் குழந்தைக்கு வலிப்பு வந்தது. மன்சாங் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், வென்ஜு பின்னால் ஓடினாள். சின்ன டவுன் மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தின்னான்?"

"அஞ்சு டாக்டர். வயசுக்கு ஒண்ணு. குருத்தக்கூடக் கிள்ளிட்டேன்."

"அஞ்சுக்கு இவ்வளவு இழுக்காதே," என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "சில உடம்புக்கு ஆகாது," என்றார். வென்ஜு அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றுதான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். எத்தனையோ வருஷம் சொல்லிக்கொண்டாள். மாவ்தோ அன்றைக்கே போய்விட்டான். திறந்த வாயில் கிங்கோப் பருப்பு வாசம் அப்படியே இருந்தது.

சின்னப் பிள்ளைக்கு அங்கே மேடு எழுப்ப மாட்டார்கள், படையல் வைக்க மாட்டார்கள், புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குச் சொல்லவும் மாட்டார்கள். சொன்னால் போய்க் கிடப்பாள், பிள்ளையின் ஆவி போகாமல் தங்கிவிடும் என்று பயம். மன்சாங்தான் கோரைப் பாயில் சுற்றித் தனியாகத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் பேரன் பெயரை அதற்குப் பிறகு வாயால் சொல்லவில்லை.

படகிலிருந்து வந்த கென்ஷெங் கோடரியை எடுத்துக்கொண்டு மரத்திடம் போனான். கிழவர் குறுக்கே நின்றார்.

"மரம் என்னடா பண்ணுச்சு? குடுத்தது என் கை. வெட்டணும்னா இத வெட்டு."

"போயும் போயும் உங்கிட்ட புள்ளைய விட்டுட்டுப் போனேன் பாரு!" என்று கோடரியைத் தூக்கி எறிந்தான் மகன். பிறகு வென்ஜுவின் பக்கம் திரும்பினான். "நீ எங்கடி போயிருந்த?"

"அவ தொவைக்கப் போயிருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் மன்சாங். அவளுக்கு முன்னால் அவர் முந்திக்கொண்டு சொன்னார்.

கென்ஷெங் ஆற்றோடு போனான். கொஞ்ச நாள் கழித்து சூச்சோ நகரத்தில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறான் என்று தகவல் வந்தது. அவளையும் கூப்பிட வரவில்லை, அப்பாவையும் பார்க்க வரவில்லை. வென்ஜு தாய் வீட்டுக்குப் போகவில்லை, வேறு கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டாள். 'பேரனைத் தின்ன கிழவன்' என்று குழந்தைகள்கூடத் தெருவில் கூவினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அந்தக் கூச்சலுக்கு நடுவே அவள் அவருக்குக் கஞ்சி வைத்தாள், கடுகுக்கீரை ஊறுகாய் போட்டாள், குளிர்காலத்தில் கால் கழுவ வெந்நீர் வைத்தாள். நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். புத்தாண்டு வரட்டும் என்பாள், வரும், போகும். சொல்லாத வார்த்தை வயதாக ஆக இன்னும் கனத்தது.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்காமலே இருந்தது. பிள்ளை போன மறுநாள், கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்த விரல்களோடு முகம் கழுவப் போனவள், தொட்டியடியில் ஒரு கிண்ணம் பன்றிக் கொழுப்பைப் பார்த்தாள். கிங்கோச் சதை சுட்ட கைக்கு அதைத்தான் பூசுவார்கள். நிங் அக்காள் வைத்திருப்பாள் என்று நினைத்து, அவள் கேட்டால் என்ன சொல்வது என்று பல நாள் பயந்தாள். நிங் அக்காள் கேட்கவே இல்லை.

வருஷங்கள் போயின. ஊருக்கு இலை வியாபாரிகள் வந்தார்கள். இலையிலிருந்து மாத்திரை செய்கிறார்களாம், வயதானவர்களின் ரத்த ஓட்டத்துக்கும் ஞாபகத்துக்குமாம். ஊரே பச்சை இலையைப் பறித்துச் சாக்கில் கட்டியது. மன்சாங்கும் தடுக்கவில்லை. கொட்டையை மட்டும் அவர் தொடவில்லை. குளிர்காலம் முழுக்க நெஞ்சு விசில் அடித்துக்கொண்டு இழுக்கும். அவருக்கு அதுதான் மருந்து என்று ஊருக்கே தெரியும். வென்ஜு ஒரு தடவை கோழிச் சாற்றில் போட்டு வைத்தாள். பருப்பையெல்லாம் ஓரமாய் ஒதுக்கிவிட்டு, "இருமலுக்கு எங்கிட்ட என்ன கோவம்மா, வந்துட்டுப் போவட்டும்," என்றார்.

சிவப்புப் பூக் குத்திய வருஷத்துக்கு அடுத்த வருஷம் அவர் மறக்கத் தொடங்கினார். முதலில் செருப்பை, பிறகு கழனிக்குப் போகும் வழியை, பிறகு கிழமையை. டவுன் டாக்டர் ஒரு டப்பா மாத்திரை கொடுத்தார். "மூணு வேளையும் குடுங்கம்மா. எல்லாம் உங்க ஊர் எலதான்!" என்று சிரித்தார். வென்ஜு கொடுத்தாள்.

ஒரு நாள் காலையில் மன்சாங் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார். "மாவ்தோ! டேய் மாவ்தோ! கஞ்சி ஆறுது, வாடா!"

வென்ஜு அகப்பையோடு வாசலுக்கு வந்தாள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் கேட்காத பெயர். அவர் முகத்தில் பழைய சிரிப்பு அப்படியே திரும்பி வந்திருந்தது.

"எங்க போனான் வாலு?"

"பள்ளிக்கூடம் போயிருக்கான் மாமா."

"ஓ. சாப்பிட்டுட்டுப் போனானா?"

"சாப்பிட்டான்."

"இருமல் எப்படி இருக்கு?"

"நின்னுடுச்சு."

அன்றைக்கு அவள் மாத்திரையை நிறுத்தினாள். டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். எதற்கு அவருக்கு ஞாபகம்? வந்தால் என்ன வரப் போகிறது? கோரைப் பாயும் தெருப் பிள்ளைகளின் கூச்சலும்தானே. பேரன் போனதையே அவர் மறந்தது தெரிந்த நிங் அக்காளும், "மறந்துட்டாரா? அப்படியே இருக்கட்டும் விடுடி. கெழவருக்குச் சாமி குடுத்த வரம்," என்றாள். கேட்கிறவர்களுக்கு அது கருணை. வென்ஜுவுக்குத் தன் மனம் தெரியும். மறந்தவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதியும் அதில் பாதி கலந்திருந்தது. அதற்காகவும் அவள் தன்னை வெறுத்தாள்.

இலை மஞ்சளாகி, பழம் விழுகிற நாட்கள் வந்தன. ஒரு மத்தியானம் அவள் முற்றத்தில் உட்கார்ந்து வியாபாரிக்குப் பழம் உரித்துக்கொண்டு இருந்தாள். ரப்பர் கையுறை கிழிந்து விரல் சிவந்துவிட்டது. மன்சாங் வந்து அந்த விரலையே நெடுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள. இங்க வா."

அவர் தன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார். வென்ஜு திருத்தப் போனாள், திருத்தவில்லை.

"என்ன?"

"மருமவ எங்க?"

"ஆத்துக்குப் போயிருக்கா."

"நல்லதாப் போச்சு. அவ காதுல விழுந்துடக் கூடாது. ஒங்கிட்ட மட்டும் சொல்றேன்." கிழவர் கதவைப் பார்த்தார், மறுபடி இவளைப் பார்த்தார். "அடுப்புச் சாம்பல் அள்ளப் போனேன் புள்ள, கீரப் பாத்திக்கு. சாம்பலுக்குள்ள ஓடு கெடக்குது. வைக்கோல் தீயில ஓடு எரியுமா? கருகி அப்படியே கெடக்குது. நான் ஓட்ட அடுப்புல போடவே இல்லியே. எனக்கு முன்னாடியே அவ குடுத்திருக்கா."

வென்ஜு கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள்.

"புள்ள இருமுனா, பெத்தவ பொறுப்பாளா? குடுத்திருக்கா. நானும் குடுத்துட்டேன். அவ விரலப் பாத்தியா? எல்லாம் வெந்து கெடக்கு. நம்ம மரத்துச் சதைதான். சட்டைக்குள்ள மறைச்சு மறைச்சு வைக்குறா, பாவம்."

"அவகிட்ட... கேட்டிங்களா?"

"நீ ஒருத்தி! கேட்டா செத்துருவா. கென்ஷெங்குக்குத் தெரிஞ்சா அவனே கொன்னுருவான். ஓடெல்லாம் பொறுக்கி ஆத்துல போட்டுட்டேன். எங்கையாலயே போச்சுன்னு இருக்கட்டும். எனக்கென்ன, கெழவன், இன்னிக்கோ நாளைக்கோ. அவ வாழுற பொண்ணு." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பயலுக்குக் காலு சில்லுன்னு இருந்துச்சு. என் பஞ்சுச் சட்டையக் கழட்டிச் சுத்திட்டேன். அது போதும்ல?"

"போதும்."

"பன்னிக் கொழுப்பு ஒரு கிண்ணத்துல வச்சேன், தொட்டிகிட்ட. பூசிக்கிட்டாளான்னு தெரியல. ஆம்பள நான் எப்படிக் கேக்குறது? நீ கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"பூசிக்கிட்டா," என்றாள் வென்ஜு. "ஆறிடுச்சு."

"ஆறிடுச்சா? சரி, சரி." கிழவர் தலையாட்டிவிட்டு வெயிலுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மகன் கோடரியோடு நின்றபோது தெரியும், தெருப் பிள்ளைகள் கூவியபோது தெரியும், அவளுக்குச் சிவப்புப் பூக் குத்தியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாரே, அப்போதும் தெரியும். தான் ஒருத்தி தனியாகச் சுமப்பதாக அவள் நினைத்திருந்தாள். அவர் அவளுடையதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, அவளிடம் ஒன்றுமே இல்லை என்பது போல நடந்துகொண்டார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்லியிருந்தால், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்காக ஒரு தடவையாவது வாய்விட்டு அழுதிருக்கலாம். அதுகூட நடக்கவில்லை.

அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு டப்பாவை எடுத்தாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் தவறாமல் கொடுத்தாள். தீர்ந்ததும் டவுனுக்கு ஓடி வாங்கி வந்தாள். முன்பு அவருக்கு ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்று பயந்தவள், இப்போது வர வேண்டும் என்று கோயில் மரத்தில் சிவப்புத் துணி கட்டினாள். நிங் அக்காளுக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ள வரம் கேக்குற மரத்துல நீ என்னடி கேக்குற?"

"மாமா ஒரு தடவ என்னை யாருன்னு தெரிஞ்சு பாக்கணும்கா. ஒரு கோப்பை டீ குடிக்கிற நேரம். அது போதும்."

"அப்புறம்?"

"அப்புறம் மறந்துட்டாலும் பரவாயில்ல."

டாக்டரிடமும் கேட்டாள். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "அந்த மாத்திரை இருக்கறதக் கொஞ்சம் புடிச்சு வைக்கும்னு சொல்றாங்க, அதுவும் எல்லாருக்கும் இல்ல. போனதக் கொண்டுவராதும்மா. நிறுத்தினதுனால ஆச்சுன்னு மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க." அவள் உழப்பிக்கொண்டுதான் வீடு வந்தாள்.

அந்த வருஷம் மரம் ஒரே காற்றில் எல்லா இலையையும் உதிர்த்தது. காலையில் கதவைத் திறந்தால் முற்றம் முழுக்க மஞ்சள். மன்சாங் இலை நடுவே முக்காலியில் உட்கார்ந்து வெயில் காய்ந்தார். இனிக் காத்திருந்து பயனில்லை என்று வென்ஜுவுக்குத் தோன்றியது. அவர் காலடியில் இலை மேல் மண்டியிட்டாள்.

"மாமா, நான் வென்ஜு. ஒங்க மருமவ."

அவர் மரியாதையாகச் சிரித்தார். வேற்றூர்க்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விடியலில் பொறுக்கியதை, வறுத்ததை, ஐந்து கொடுத்ததை, அவர் ஐந்தாவதை ஊட்டும்போது வாய் மூடி நின்றதை, டாக்டர் கேட்டபோதும் நின்றதை. ஒன்றையும் குறைக்கவில்லை. அழுகையில் வார்த்தை உடைந்தபோது நிறுத்தி மறுபடி சொன்னாள். கிழவர் பொறுமையாகக் கேட்டார். கதை புரிந்தது, யார் கதை என்பதுதான் புரியவில்லை. அவர் கண்ணும் கலங்கிவிட்டது. அவள் தலையில் கையை வைத்தார்.

"அழுவாதம்மா. யார் பெத்த பொண்ணோ நீ. நீ வேணும்னேவா குடுத்த?"

"நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான்." அவர் யோசித்தார். "ஒம் மாமனார் இருக்காரா?"

வென்ஜு அவர் முகத்தைப் பார்த்தாள். "இருக்காரு."

"அப்புறம் இங்க ஒக்காந்து எங்கிட்ட அழுவுறியே! எந்திரி. வீட்டுக்குப் போயி அவர்கிட்ட சொல்லு. திட்ட மாட்டாரு. வயசான மனுசன், ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரு." பிறகு அவள் கையைப் பிடித்துக் குலுக்கி அவசரப்படுத்தினார். "சீக்கிரம் போ தாயி. கெழவனுங்க ரொம்ப நாளு ஒக்காந்திருக்க மாட்டானுங்க."

"சரிங்க," என்றாள் அவள். "இப்பவே போய்ச் சொல்றேன்."

எழுந்து, அவருக்காகத் தெருக்கோடி வரை நடந்தாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்து, யார் வேணும் என்று கேட்டார்.